இல்லாத மோடம் நடத்திவைத்த கல்யாணம்

தொண்ணூறுகளின் கடைசியில், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலையின் எடைமேடைக்குக் கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நெல் லாரி மேடையில் ஏறினால் எடை திரையில் தெரிய வேண்டும், சீட்டு அச்சாக வேண்டும். அவ்வளவுதான். முதலாளி யாரிடமோ சல்லிசாக வாங்கிப் போட்டிருந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் சீரியல் வகை. ஒன்பது பின் போர்ட்டில் கேபிளைச் சொருகி, ஜிடபிள்யூ-பேசிக்கில் நாலு வரி எழுதி ஓட்டினேன். "டிவைஸ் டைம்அவுட்" என்றது. பிரிண்டரை அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் போட்டேன். டைம்அவுட்.

ராத்திரி பஸ் பிடித்து, கேபிளோடு சென்னை ரிச்சி தெருவில் போய் நின்றேன். கடைக்காரர் கேபிளின் மூடியைக் கழற்றினார். இத்துணூண்டு ஒயர் துண்டால் 7ஐயும் 8ஐயும் சேர்த்துப் பற்றவைத்தார். இன்னொரு துண்டில் 1, 4, 6 மூன்றையும் கோத்தார். அந்தப் பின்களிலிருந்து பிரிண்டர் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒயர்களை நறுக்கென்று வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். மூடியைத் திருகி, "முப்பது ரூபா கொடுங்க" என்றார்.

"என்னண்ணே பண்ணீங்க?"

"உங்க கம்ப்யூட்டர் பிரிண்டரைப் பார்த்து 'ரெடியா, ரெடியா'ன்னு கேட்டுக்கிட்டே நிக்குது தம்பி. பதில் வரல. இப்ப அது கேக்குற கேள்வி அதோட காதுக்கே திரும்பி வந்துடும். யாரோ ரெடின்னு சொல்லிட்டாங்கன்னு நெனச்சுக்கும். விடுங்க."

சீட்டு அச்சாயிற்று. முதலாளி பிரிண்டருக்குக் கற்பூரம் காட்டினார். வினை ராத்திரி எட்டு மணிக்கு வந்தது. அன்றைய மொத்தக் கணக்கையும் அடிக்கச் சொன்னார். 41 லாரி எடை போட்ட நாள். பேப்பரில் 37 லாரிதான் இருந்தது. நடுவில் நாலு லாரியைக் காணோம். ஒரு லாரியின் நம்பரில் தொடங்கிய வரி இன்னொரு லாரியின் எடையில் போய் முடிந்திருந்தது. "ஏன் தம்பி, நாலு லாரி நெல்லு எங்க போச்சு?" என்று கேட்டார். "பொறு, கையில இன்னும் வேலை பாக்கி இருக்கு" என்று பிரிண்டர் சொல்லியனுப்ப வேண்டிய ஒயர் சென்னையில் ஒரு குப்பைக்கூடையில் கிடக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இரண்டு கருவிகள் தகவல் பரிமாறுவதற்கு முன்னால் ஒன்றை ஒன்று விசாரித்துக்கொள்வதற்கு ஹேண்ட்ஷேக் என்று பெயர். கைகுலுக்கல். வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்பது பார்த்தாலே தெரிகிறது. கைகுலுக்க எதிராளியின் கை வேண்டும். நம் வணக்கத்துக்கு அந்தக் கவலை கிடையாது. எதிரே ஆள் பார்க்காவிட்டாலும் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ரிச்சி தெருக் கடைக்காரர் செய்தது கைகுலுக்கலை வணக்கமாக மாற்றியதுதான். அன்றைக்கு அதை அயோக்கியத்தனம் என்று நினைத்தேன். இந்தத் துறையின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்த பிறகு அந்த மனுஷன் மேல் கோபமே வரவில்லை. இங்கே பொய் ரெடி சொல்லாதவர்கள் குறைவு. மரியாதை விதிகளை வகுத்தவர்களில் பாதிப் பேர் பரணில் மிஞ்சிக் கிடந்த சாமானைப் பார்த்து வகுத்தவர்கள்.

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது மின்சாரமே இல்லாத காலம். பிரெஞ்சுப் புரட்சியில் தலைகள் உருண்டுகொண்டிருந்தபோது, க்ளோத் ஷாப் என்பவர் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தார். மரக் கைகள். பாரிஸிலிருந்து லீல் நகரம் வரை வரிசையாகக் கோபுரங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் மடக்கி நீட்டக்கூடிய சட்டங்கள். 1794ல் போர்ச் செய்தி இதில்தான் பறந்தது. கோபுரத்துக்காரரின் வேலை, முன்னால் உள்ள கோபுரத்தைத் தொலைநோக்கியில் பார்த்து அதே மாதிரி கையை மடக்குவது. பிறகு திரும்பி, அடுத்த கோபுரம் தன்னைப் பார்த்து மடக்கிவிட்டதா என்று சரிபார்ப்பது. அது மடக்கும்வரை தூக்கின கை தூக்கினபடி. அடுத்த கோபுரத்துக்காரர் ரொட்டி சாப்பிடப் போயிருந்தால் இங்கே மொத்த பிரான்ஸும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அனுப்புகிற செய்தியின் அர்த்தம் கோபுரத்துக்காரருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பது விதி.

அர்த்தம் தெரியாதவனிடம் மரியாதையை மட்டும் கற்றுக்கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை போர்தோ நகரத்து பிளாங்க் சகோதரர்கள் காட்டினார்கள். அரசாங்கப் பத்திரங்களை வாங்கி விற்பது அவர்கள் தொழில். பாரிஸ் சந்தையில் விலை ஏறியதா இறங்கியதா என்று தபால் வண்டி வந்து சொல்ல நாள் கணக்காகும். கோபுரத் தந்தியோ அரசாங்கத்துக்கு மட்டும். சகோதரர்கள் 1834ல் தூர் நகரத்துத் தந்திக்காரர் ஒருவரைக் கவனித்துக்கொண்டார்கள். அவர் அரசாங்கச் செய்தியின் நடுவில் ஒரு தப்பு எழுத்தைச் செருகுவார். அடுத்ததாக "முந்தினது பிழை, அடித்துவிடு" என்ற சைகையைப் போடுவார். வழியில் இருந்த ஒவ்வொருவரும் பிழையையும் பிழைதிருத்தத்தையும் பயபக்தியோடு நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். போர்தோவில் கோபுரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஆள் அந்தப் பிழையை மட்டும் படித்துக்கொண்டான். ஒவ்வொரு கைகுலுக்கலும் சுத்தம். கொள்ளை மட்டும் இரண்டு வருஷம் நடந்தது. பிடிபட்டு 1837ல் வழக்கு வந்தபோது, தனியார் செய்தி அனுப்பக் கூடாது என்று சட்டமே இல்லை என்பது தெரியவந்தது. அரசு அதே வருஷம் அவசர அவசரமாகச் சட்டம் போட்டது. அந்தச் சகோதரர்களில் ஒருவர் பின்னாளில் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியை நடத்திக் கோடீஸ்வரரானார். திறமை வீண்போகவில்லை.

இனி கல்யாணத்துக்கு வருவோம்.

அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் இண்டஸ்ட்ரீஸ் அசோசியேஷன் 1960ல் ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. பெயர் ஆர்எஸ்-232. 'ஆர்எஸ்' என்றால் பரிந்துரைக்கப்பட்ட தரம். பரிந்துரைதான், கட்டாயமில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உலகம் அடுத்த ஐம்பது வருஷம் ஆடிய ஆட்டம் இருக்கிறதே!

டெலிடைப் என்ற தந்தித் தட்டச்சு இயந்திரத்தையும், அதன் பேச்சைத் தொலைபேசிக் கம்பியில் ஏற்றி இறக்கும் மோடத்தையும் சேர்த்துவைப்பது விதிகளின் நோக்கம். டெலிடைப் பெண் வீடு, மோடம் மாப்பிள்ளை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த வீடு என்பதில் சந்தேகமே வராதபடி எழுதினார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் தனித்தனி ஒயர். (இனி வரும் பின் எண்கள் பழைய பெரிய கனெக்டருடையவை; என் ஒன்பது பின் போர்ட்டில் எண்கள் வேறு.) 20ஆம் பின்னில் பெண் வீடு, "நாங்க வந்துட்டோம்" என்னும். 6ஆம் பின்னில் மாப்பிள்ளை வீடு, "நாங்களும் வந்துட்டோம்" என்னும். 4ஆம் பின்னில் "பேசலாமா?" 5ஆம் பின்னில் கொஞ்ச நேரம் மௌனம், பிறகு, "ம், பேசுங்க." 8ஆம் பின், "ஊரிலிருந்து எங்க ஆளோட குரல் கேக்குது." 22ஆம் பின், "வாசல்ல யாரோ மணி அடிக்கிறாங்க." உண்மையில் பேச்சு நடக்கிற ஒயர் 2, 3 இரண்டு மட்டும். மற்றதெல்லாம் சம்பிரதாயம்.

அந்த மௌனத்துக்குக் காரணம் இருந்தது. பழைய மோடங்கள் பல ஒரே தொலைபேசிக் கம்பியில் மாறி மாறித்தான் பேச முடியும். "பேசலாமா" என்று கேட்டதும் மோடம் தன் குரலை எழுப்பி, அது மறுமுனையில் நிலைபெறும்வரை காத்திருந்து, பிறகே தலையசைக்கும். நியாயமான மரியாதை.

மின்னழுத்தக் கணக்கில்தான் கொஞ்சம் வேடிக்கை பண்ணினார்கள். பேச்சு நடக்கிற ஒயரில் மைனஸ் வோல்ட் என்றால் 1. சம்பிரதாய ஒயரில் பிளஸ் வோல்ட் என்றால் 'ஆமாம்'. ஒரே கேபிளுக்குள் இரண்டு பஞ்சாங்கம்! இதைப் படித்துத் தலைசுற்றாத பொறியாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

யாரும் எதிர்பார்க்காத சிக்கல் பிறகு வந்தது. வீட்டுக்கு வீடு, மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் வந்ததும் ஜனங்கள் ஒரு கம்ப்யூட்டரை இன்னொரு கம்ப்யூட்டரோடு நேராகச் சேர்க்க ஆசைப்பட்டார்கள். இரண்டுமே பெண் வீடு. இரண்டும் 2ஆம் பின்னில் பேசும்; இரண்டும் 3ஆம் பின்னில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டும் மாப்பிள்ளை வீட்டார் வரட்டும் என்று காத்திருக்கும். விதிப் புத்தகத்தில் இதற்கு வழியே இல்லை. கைவேலைக்காரர்கள் வழி கண்டுபிடித்தார்கள். 2ஐயும் 3ஐயும் மாற்றிக் கோத்து, 4ஐயும் 5ஐயும் மாற்றிக் கோத்து, ஒருத்தர் "வந்துட்டோம்" என்பதை இன்னொருத்தருக்கு "மாப்பிள்ளை வீட்டார் வந்துட்டாங்க" என்று கேட்கும்படி திருப்பிவிட்டார்கள். இரண்டு பெண் வீடும் எதிரே மாப்பிள்ளை வீடு இருப்பதாக நம்பிக் கல்யாணத்தை நடத்தின. நடுவில் மோடம் இருப்பது போன்ற பாவனை. அதனால் இதற்கு நல் மோடம் என்று பெயர் வைத்தார்கள். நம் 'நல்ல'வில் வரும் நல் இல்லை. சூனியம் என்று பொருள்படும் நல். ஆளே இல்லாத தரகர், கமிஷனும் கேட்காதவர்.

பொய் ஒருதரம் வசதியாக அமைந்துவிட்டால் பழக்கமாகிவிடும். "பேசலாமா?" என்று கேட்பதற்கு வைத்த ஒயரை வேகமான மோடங்களின் காலத்தில் "நான் காலியா இருக்கேன், நீ பேசு" என்று சொல்வதற்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கேள்விக் கம்பி அழைப்புக் கம்பியாகிவிட்டது. பெயர் மட்டும் பழைய பெயர். தரம் எழுதும் குழு நாளாவட்டத்தில் வேறு வழியில்லாமல் அதையும் சரி என்று எழுதிக்கொண்டது. ஆக, இரண்டு பின்னை ஒட்டவைத்து முப்பது ரூபாய் வாங்கிய எங்கள் கடைக்காரர் இந்தப் பரம்பரையின் கடைக்குட்டி.

ஒயரே வேண்டாம், வாயாலேயே சொல்லிக்கொள்ளலாம் என்ற கட்சி ஒன்று உண்டு. அதன் மூல புருஷர் 1963ல் வந்த டெலிடைப் மாடல் 33. நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். அடிக்கிற சத்தத்தில் பக்கத்து அறையில் இருப்பவர் பேச்சை நிறுத்திவிடுவார். அதன் விலாவில் துளைக் காகிதச் சுருளைப் படிக்கும் பெட்டி ஒன்று. கம்ப்யூட்டர் திணறினால் 19ஆம் எண் குறியை அனுப்பும், சுருள் நிற்கும். மூச்சு வந்ததும் 17ஆம் எண் குறி, சுருள் ஓடும். ஆங்கில அகரவரிசையில் 17ஆவது எழுத்து க்யூ, 19ஆவது எஸ். அதனால் விசைப்பலகையில் கண்ட்ரோல்-எஸ் நிறுத்த, கண்ட்ரோல்-க்யூ ஓட்ட. எக்ஸ்ஆஃப், எக்ஸ்ஆன் என்பார்கள்.

இதில் ஒரே ஒரு வில்லங்கம். உத்தரவும் பேச்சும் ஒரே கம்பியில் போகின்றன. கல்யாண மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இரண்டு பெரியவர்கள் அரட்டையில், "அன்னைக்கு அந்தக் கல்யாணத்துல கெட்டிமேளம் கெட்டிமேளம்னு கத்தினான் பாருங்க" என்று கொஞ்சம் உரக்கச் சொன்னால் மேளக்காரர் என்ன செய்வார்? அதேதான். அனுப்புகிற கோப்பில் எங்காவது 19 என்ற எண் தற்செயலாக வந்தால் போதும், எதிராளி சிலையாகிவிடுவான். எழுத்துகளை மட்டும் அனுப்பியவரை தெரியவில்லை. படங்களையும் நிரல்களையும் அனுப்பத் தொடங்கியபோது ஊரெங்கும் கெட்டிமேளம்.

மோடங்களும் இதே குழியில் விழுந்தன. 1981ல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தில் இணைப்பின் நடுவில் மோடத்தோடு பேச +++ என்று அடிக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு நொடி சும்மா இருந்தால்தான் அது உத்தரவு, இல்லாவிட்டால் வெறும் பேச்சு. அந்த ஒரு நொடி மௌனத்துக்கு ஹேய்ஸ் காப்புரிமை வைத்திருந்தது. மௌனத்துக்குக் காப்புரிமை! காசு கொடுக்க மனமில்லாத சிலர் மௌனத்தை விட்டுவிட்டு +++ஐ மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விளைவு, தொண்ணூறுகளில் யாரோ ஒரு விஷமி தூரத்திலிருந்து +++ கலந்த செய்தி ஒன்றை அனுப்பி, அது திரும்பி வரும்போது உங்கள் மோடம் தானே தொலைபேசியை வைத்துவிடும்படி செய்ய முடிந்தது.

பரண் சாமான் விஷயத்துக்கு வருகிறேன். 1970ல் சென்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைக் கொண்டுவந்தது. ஷாங்காயில் பிறந்து அமெரிக்காவில் கால்குலேட்டர் விற்றுக்கொண்டிருந்த ஆன் வாங்கின் கம்பெனியிலிருந்து கிளைத்தது அது. பிரிண்டருக்கு எந்த கனெக்டர் போடுவது என்ற கேள்வி எழுந்தது. வாங் கிடங்கில் பழைய கால்குலேட்டருக்கு வாங்கி மிஞ்சிய 36 பின் கனெக்டர் 20,000 கிடந்தது. அதையே போட்டார்கள். விருந்துக்கு உடைத்த தேங்காய் மிஞ்சினால் மறுநாள் சட்னி என்பது நம் வீட்டு வழக்கம். இங்கே அந்தச் சட்னிதான் உலகத் தரமாகி, முப்பது வருஷம் எல்லா பிரிண்டர் முதுகிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் அதன் பேச்சுமுறை எனக்குப் பிடிக்கும். குழந்தைக்கு நிலாச்சோறு ஊட்டுகிற மாதிரி. எட்டு ஒயரில் ஒரு எழுத்தை வைத்து, ஸ்ட்ரோப் என்ற ஒயரில் அரை மைக்ரோ நொடி ஒரு தட்டுத் தட்டினால், "ஆ காட்டு" என்று பொருள். பிரிண்டர் பிஸி ஒயரைத் தூக்கும்: "வாயில இருக்கு." மென்று முடித்து ஆக் ஒயரில் ஒரு சொடுக்கு: "முழுங்கிட்டேன், அடுத்தது." இது தவிர, காகிதம் தீர்ந்தது, பிழை என்று முறையிட இன்னும் சில ஒயர்கள். லினக்ஸில் இந்த ஒயர்களைப் படிக்கிற நிரல், காகிதமும் இருக்கிறது, பிரிண்டர் இணைப்பிலும் இருக்கிறது, ஆனாலும் பிழை என்றால் வேறு என்னவாக இருக்க முடியும் என்று யோசித்து, "எல்பி0 ஆன் ஃபயர்" என்று திரையில் எழுதும். பிரிண்டர் தீப்பற்றி எரிகிறதாம். பல பேர் எழுந்து ஓடிப் பார்த்திருக்கிறார்கள்.

ஒருத்தருக்கு ஊட்டலாம். பந்திக்கு? ஹெவ்லெட்-பேக்கர்டுக்காரர்கள் சோதனைக்கூடத்தில் ஒரே கேபிளில் 15 கருவிகள்வரை உட்காரவைக்க ஆசைப்பட்டார்கள். அவர்கள் அறுபதுகளின் கடைசியில் செய்த ஏற்பாடு 1975ல் ஐஇஇஇ-488 என்று தரமானது. மூன்று ஒயர் போதும் என்றார்கள். பரிமாறுகிறவர் கையில் ஒன்று: "இலையில போட்டாச்சு." மற்ற இரண்டும் சாப்பிடுகிறவர்களுக்கு. ஒன்று "இன்னும் ரெடி இல்லை", மற்றது "இன்னும் சாப்பிடல." பெயரிலேயே 'இல்லை'. ஒவ்வொருவரும் ஒயரைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், முடித்தவர் விடுவார், கடைசி ஆள் விட்டால்தான் ஒயர் மேலே எழும். பாயசத்தை அப்பளம் நொறுக்கிப் போட்டு நிதானமாகக் குடித்துக்கொண்டிருக்கும் சித்தப்பா ஒருத்தர் வரிசையில் இருந்தால் பந்தி மொத்தமும் அவர் வேகத்தில்தான். அவசரக் கருவிகள் எரிச்சலடைந்தாலும் யாருக்கும் ஒரு வடை விட்டுப்போகாது. நான் பார்த்ததில் பொய் சொல்ல இடமே கொடுக்காத ஏற்பாடு இது ஒன்றுதான்.

அதனால்தானோ என்னவோ, அதற்குச் செலவு அதிகம். கமடோர் கம்பெனி 1977ல் தன் முதல் வீட்டுக் கம்ப்யூட்டரான பெட்டுக்கு இந்தப் பந்தி கேபிளையே கொடுத்தது. பிறகு கேபிள் தட்டுப்பாடு வந்து முதலாளி ஜாக் ட்ரமியலுக்குக் கோபமும் வந்தது, "அந்த கேபிளே வேண்டாம், நாமே ஒன்று பண்ணுங்கள்" என்றார் என்று கமடோர் வட்டாரத்து எழுத்தாளர் ஜிம் பட்டர்ஃபீல்ட் சொன்னதுண்டு. பொறியாளர்கள் பந்தி முறையைச் சுருக்கி, ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்பும் மெல்லிய கேபிளாக்கினார்கள். பிட்டுகளைத் தள்ளும் வேலையை 6522 என்ற சிப் பார்த்துக்கொள்ளும் என்று திட்டம். அந்தச் சிப்பில் ஒரு கோளாறு. நடுவில் ஒரு பிட்டைத் தின்றுவிடும். சிப் செய்ததும் கமடோரின் சொந்தக் கம்பெனிதான், எனவே திட்டவும் ஆளில்லை. வேலை மென்பொருள் தலையில் விழுந்தது. ஒவ்வொரு பைட்டுக்கும் "ரெடியா?", "ம்." அடுத்த பைட்டுக்கும் "ரெடியா?", "ம்."

1982ல் கமடோர் 64 வந்தபோது கோளாறில்லாத புதுச் சிப் இருந்தது. ஆனால் அந்த மெல்லிய கேபிளோடு வந்த பழைய மாடலின் டிரைவ்களும் இதில் ஓட வேண்டும் என்று அந்த மெதுவான பேச்சையே வைத்துக்கொண்டார்கள். நடுவில் திரைச் சிப் வேறு அடிக்கடி மூளையின் நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளும் என்பதால் பேச்சு இன்னும் மெதுவானது. 1541 டிஸ்க் டிரைவிலிருந்து நொடிக்கு முந்நூறு, நானூறு பைட். 40 கேபி விளையாட்டு ஒன்று ஏறக் கிட்டத்தட்ட இரண்டு நிமிஷம். இத்தனைக்கும் அந்த டிரைவுக்குள் தனியாக ஒரு 6502 மூளை. இரண்டு கம்ப்யூட்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க முதல்ல", "இல்ல, நீங்க முதல்ல" என்று வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தன. கடைசியில் எபிக்ஸ் ஃபாஸ்ட்லோட் மாதிரியான அட்டைகளை விற்றவர்கள் டிரைவின் மூளைக்குள் புதிய நிரலை ஏற்றி, பாதி மரியாதையை வெட்டி எறிந்தார்கள். வேகம் பல மடங்கு கூடியது. ரிச்சி தெரு வைத்தியம்தான். ஆனால் இவர்கள் இரண்டு பக்கத்திடமும் சொல்லிவிட்டு வெட்டினார்கள்.

எங்கள் அரிசி ஆலைக் கதையும் அப்படித்தான் முடிந்தது. இரண்டாவது வாரம் நானே சால்டரிங் அயர்ன் வாங்கி, ஒட்டைப் பிரித்து, பிரிண்டரின் பிஸி ஒயரைக் கம்ப்யூட்டரின் 8ஆம் பின்னுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அன்று ராத்திரி கணக்கு அச்சாக ஆறு நிமிஷம் ஆனது. நடுநடுவே நின்று, மூச்சு வாங்கி, மறுபடி அடித்தது. "முன்னாடி சீக்கிரமா அடிச்சுதே?" என்றார் முதலாளி. லாரி எண்ணிக்கை சரியாக இருந்ததை அவர் கவனிக்கவேயில்லை.

சென்ற மாதம் அலுவலகத்தில் ஒரு பையன் லினக்ஸ் டெர்மினலில் கோப்பு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தான். விண்டோஸ் பழக்கத்தில் சேமிப்பதாக நினைத்து கண்ட்ரோல்-எஸ் அடித்தான். திரை உறைந்தது. என்டர் அடித்தான். எஸ்கேப் அடித்தான். பலமாக அடித்தான். "சார், சர்வர் ஹேங் ஆயிடுச்சு" என்று கூப்பிட்டுவிட்டு, பட்டனை அழுத்தக் கையைக் கொண்டுபோனான். அந்தக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு கண்ட்ரோல்-க்யூ அடித்தேன். அறுபது வருஷத்துக்கு முந்தின காகிதச் சுருள் ஒன்று எங்கோ மறுபடி ஓடத் தொடங்கியது. திரை உயிர் பெற்று, இடைப்பட்ட நேரத்தில் அவன் அடித்த அத்தனையையும் வரிசை தவறாமல் கொட்டியது. நாலு காலி வரி, மூன்று 'ஹலோ', கடைசியில் ஆங்கில எழுத்தில் தமிழ்க் கெட்ட வார்த்தை ஒன்று.

"அது நான் இல்ல சார்" என்றான்.